எங்கள் உடம்புக்கும் ஒரு கணக்கு வேண்டும்

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ), புது தில்லி.

ஐயா,

விமானம் புறப்படுவதற்கு முன் எண்ணுவதுதான் என் வேலையில் பாதி. சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணுகிறேன். ட்ராலியில் போட்ட சீலின் எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். ஆக்சிஜன் சிலிண்டரின் அழுத்தத்தையும் தீயணைப்பானின் முள்ளையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். பயணிகளைத் தலை எண்ணிச் சரிபார்க்கிறோம். இறங்கிய பிறகு விற்பனைக் கணக்கில் ஒரு முந்திரிப் பொட்டலம் குறைந்தால் விளக்கம் எழுதித் தர வேண்டும், சில நேரம் கைக்காசும் கட்ட வேண்டும்.

கேபின் குழுவில் 17 ஆண்டுகளாக இப்படி எண்ணிக்கொண்டிருக்கிறேன். இத்தனை ஆண்டில் என் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறது என்று யாரும் எண்ணிச் சொன்னதில்லை. எத்தனை இரவு தூங்காமல் பறந்தேன், கேபினில் புகை நாற்றம் வந்த நாட்கள் எத்தனை, கதவு திறந்தபடி தரையில் காத்திருக்கும் விமானத்தில் எத்தனை மணி நேரம் நின்றேன் என்பதற்கும் எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை. அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

விமானிகளின் பணி நேர விதியை 2024 ஜனவரியில் திருத்தினீர்கள். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. இரவில் இறங்கும் எண்ணிக்கை 6-லிருந்து 2 ஆனது. நல்ல விதி. 2025 டிசம்பரில், அதற்குப் போதுமான ஆள் எடுத்து வைக்காத ஒரு பெரிய நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உடனே அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. நான் வேறு நிறுவனத்தில் இருப்பவள். ஆனாலும் அந்த வாரம் எங்கள் சீருடையைப் பார்த்தே பயணிகள் கத்தினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கு வலித்தது வேறு. அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் விமானிகளின் சோர்வு பற்றிப் பேசினார்கள். அதே விமானத்தில், அதே இரவில், காக்பிட் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களின் சோர்வு பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏதாவது நேர்ந்தால் 90 விநாடிக்குள் அத்தனை பேரையும் வெளியேற்ற வேண்டியவர்கள் நாங்கள்தான்.

என் சித்தி மகன் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். நெஞ்சில் எப்போதும் ஒரு டிஎல்டி பேட்ஜ் குத்தியிருப்பான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஆய்வகத்துக்குப் போகும், எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அவன் பெயரிலேயே அறிக்கை வரும். போன பொங்கலுக்கு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "அக்கா, மேல போனா கதிர்வீச்சு அதிகம்னு படிச்சிருக்கோமே, உன் பேட்ஜ் எங்கே?"

பேட்ஜ் அவசியமில்லை என்பது எனக்குத் தெரியும். கணக்குப் போட்டாலே போதும். 35,000 அடியில் நமக்கு மேலே காற்று மெல்லியதாகிவிடுகிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களைத் தடுக்கும் போர்வை அதுதான். துருவத்தை நெருங்கினால் பூமியின் காந்தப்புலம் தரும் காப்பும் குறையும். இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. விமானக் குழுவினருக்குப் படும் இந்தக் கதிர்வீச்சை வேலையால் வருவதாகவே கொள்ள வேண்டும் என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1990-லேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1996-ல் அதைச் சட்டமாக்கியது. ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டை (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்ட வாய்ப்புள்ள ஒவ்வொரு பணியாளருக்கும் நிறுவனம் அளவைக் கணக்கிட வேண்டும், அதை அவரிடம் சொல்லவும் வேண்டும். அமெரிக்காவில் வேலையின் காரணமாகக் கதிர்வீச்சு படும் எல்லாத் தொழிலாளர்களையும் ஒப்பிட்டபோது, ஆண்டு சராசரி அதிகமாக இருந்தது விமானக் குழுவினருக்குத்தான்: 3.07 மில்லிசீவர்ட்.

தென்னிந்தியாவுக்கு மேலே அளவு குறைவு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே மணிக்கு 2 மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்) என்று அடக்கமாகவே வைத்துக்கொள்கிறேன். என் டைரிப்படி ஆண்டுக்குச் சுமார் 800 மணி நேரம் பறக்கிறேன். பெருக்கினால் 1.6 மில்லிசீவர்ட். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பொதுமக்களுக்கு வைத்திருக்கும் ஆண்டு வரம்பு 1. இந்த வேலையின் முதல் நான்கு ஆண்டுகள் ஒரு வளைகுடா நிறுவனத்தில் இருந்தேன், வட அமெரிக்காவுக்கு ஆர்க்டிக் வழியாகப் பறந்திருக்கிறேன். அந்த ஆண்டுகளின் அளவு என்ன? தெரியாது. என் கணக்கு தோராயமானது. சரியானதைப் போட விமானம் பறந்த பாதையும் உயரமும் வேண்டும், அவை நிறுவனத்திடம்தான் இருக்கின்றன.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

2016-ல் நான் கருவுற்றேன். எனக்கே தெரிய வந்தபோது ஆறாவது வாரம். அந்த ஆறு வாரத்தில் சென்னை–தில்லி இரவு விமானங்கள், சிங்கப்பூர் போய் அதே இரவில் திரும்பும் பணிகள் என்று என் டைரியில் 11 இரவுகள் இருக்கின்றன. உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்ன அன்றே தரையில் உட்கார வைத்துவிடுவார்கள், பறக்கும் நேரத்துக்குத் தரும் தொகையான பறக்கும் படி நின்றுவிடும். என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அந்தப் படிதான். வீட்டுக் கடன் தவணை இருந்தது. இன்னும் பத்து நாள் பறந்துவிட்டு மாத முடிவில் சொல்லலாம் என்று இருந்தேன். எட்டாவது வாரத்தில், வேற்றூரில் பணிக்கு இடையே தங்கவைக்கும் ஒரு லேஓவர் ஓட்டலின் குளியலறையில், அது போய்விட்டது.

வேலையால்தான் போனது என்று நான் சொல்லவில்லை. முதல் மூன்று மாதத்தில் கரு கலைவது சாதாரணம் என்று மருத்துவர் சொன்னார், இருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் விமானப் பணிப்பெண்களை வைத்தே ஆராய்ந்து வெளியிட்டதைப் பிறகு படித்தேன். முதல் மூன்று மாதத்தில், வீட்டில் இருந்தால் தூங்கியிருக்கும் நேரத்தில் 15 மணி நேரமோ அதற்கு மேலோ பறப்பதற்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறது அது. 0.36 மில்லிசீவர்ட்டுக்கு மேற்பட்ட விண்வெளிக் கதிர்வீச்சுக்கும் அப்படித்தான். என்னுடைய 11 இரவுகள் 15 மணி நேரத்தை எப்போதோ தாண்டியவை. அதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் அந்தப் பத்து நாளைக்கு ஆசைப்பட்டிருக்க மாட்டேன். பயிற்சி வகுப்பில் உதட்டுச் சாயத்தின் நிறம் என்னவாக இருக்க வேண்டும் என்று அரை நாள் சொல்லிக் கொடுத்தவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம்.

ஒன்பது நாள் சிக் லீவ் எடுத்தேன். பத்தாம் நாள் விமானத்தில், எங்களுக்கான மடக்கு இருக்கையான ஜம்ப் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு நம் சட்டத்திலேயே உண்டு என்பது இரண்டு ஆண்டு கழித்து, வேறொரு தோழிக்காகத் தேடும்போதுதான் தெரிந்தது. எங்கள் நிறுவனத்தில் சங்கம் கிடையாது. இருந்திருந்தால் அன்றைக்கே யாராவது ஒரு அக்கா போன் செய்து, "லீவ் லெட்டரை இப்படி எழுது" என்று சொல்லியிருப்பார்.

1981-க்கு முன் அரசு விமான நிறுவனத்தில் முதல் முறை கருவுற்றாலே வேலை போய்விடும் என்று விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கொடூரமானது, இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று கண்டித்து ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பால்தான் என்னைப் போன்றவர்கள் இன்று வேலையில் இருக்கிறோம். வேலையைப் பறிக்க முடியாது, சரி. வருமானத்தைப் பறிக்கலாமா? ஆறாவது வாரத்தில் சொல்லும் பெண்ணுக்கு அன்றே பறக்கும் படி நிற்கிறது. மகப்பேறு விடுப்பு, பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்பு, அதாவது 32-ஆவது வாரத்தில்தான் தொடங்கலாம். இடையில் 26 வாரம் குறைந்த சம்பளம். அதோடு முடியவில்லை. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியில்தான் மகப்பேறு காலச் சம்பளத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த மூன்று மாதத்தில் பறக்கும் படியே கிடையாது. ஆகவே விடுப்பிலும் அதே குறைந்த தொகைதான் கைக்கு வரும். கிட்டத்தட்ட ஓராண்டு பாதிச் சம்பளத்தில் ஓட்ட வேண்டும் என்று தெரிந்த பெண் என்ன செய்வாள்? நான் செய்ததைத்தான் செய்வாள், மறைப்பாள். இப்போது என் குழுவில் பறக்கும் பிள்ளைகள் 22, 23 வயதுக்காரர்கள். அவர்களில் யாராவது காலையில் வாந்தி எடுத்தால் நான் ஒன்றும் கேட்பதில்லை. கனமான ட்ராலியை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

இரவுப் பணி பற்றி ஒரு நாளைச் சொன்னால் போதும். நள்ளிரவு 12:45-க்கு வீட்டு வாசலில் வண்டி. இரண்டு மணிக்குள் பிரீஃபிங், மூன்றரைக்கு முதல் செக்டர் (ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கான பறத்தல்), பொழுது விடியும்போது இரண்டாவது, வெயில் ஏறிய பிறகு மூன்றாவது. இறங்கும்போது ஜம்ப் சீட்டில் கைகளைத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டு மனதுக்குள் ஒரு ஒத்திகை செய்வோம். சைலன்ட் ரிவியூ என்று பெயர். எந்தக் கதவு, என்ன கட்டளை, உதவிக்குத் தகுந்த பயணி யார், வெளியே தண்ணீரா தரையா என்று வரிசையாக நினைத்துப் பார்க்க வேண்டும். போன ஆண்டு ஒரு காலை, சக்கரம் தரையைத் தொட்ட அதிர்ச்சியில்தான் கண் விழித்தேன். எந்த ஊரில் இறங்கியிருக்கிறோம் என்பது சில விநாடி எனக்கு நினைவுக்கு வரவில்லை. பின்னால் 180-க்கும் மேற்பட்ட பயணிகள். சோர்வு அறிக்கை ஒன்று எழுதலாம் என்றேன். "எழுதினா அடுத்த மாசம் ரோஸ்டர் எப்படி வரும்னு பாத்துக்கோ" என்றார் மேலே இருப்பவர். ரோஸ்டர் என்பது எங்கள் பணி அட்டவணை. நான் எழுதவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

2019-ல் நடந்ததை எழுதினேன். கீழே இறங்கத் தொடங்கியபோது கேபினில் ஒரு நாற்றம், ஈரத்துணியை மூன்று நாள் மூட்டை கட்டி வைத்தது போல. விமானத்தின் பின்பக்கச் சமையல் பகுதியில் இருந்த தம்பிக்குத் தலை சுற்றியது. எனக்கு அன்று தொடங்கிய தலைவலி ஆறு நாள் விடவில்லை. ஏ320 வகை விமானங்களில் கேபினுக்குள் வரும் காற்று எஞ்சின் கம்ப்ரசரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. சீல் கசிந்தால் சூடேறிய எஞ்சின் ஆயிலின் ஆவியும் சேர்ந்து வரும். நரம்பைப் பாதிக்கக்கூடிய ட்ரைகிரசைல் பாஸ்பேட் அதில் இருக்கலாம். கொரோனா காலத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட ஹெப்பா வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், இந்த ஆவியைப் பிடிக்காது. நீண்ட காலத்தில் இது உடம்பை என்ன செய்யும் என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒத்த கருத்து வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அன்று எங்களுக்கு நடந்தது என்ன? பொறியாளர் தரப்பு "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதி மூடியது. நிறுவன மருத்துவர் அசிடிட்டி மாத்திரை கொடுத்தார். ரத்தம் எடுக்கவில்லை. நான் எழுதிய அறிக்கையின் நகலைக் கேட்டேன். உள் ஆவணம், தர முடியாது என்றார்கள்.

தரையில் நிற்கும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பறக்கும் படி, சக்கரத்தடையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரைதான் ஓடும். பனிமூட்டத்தில் மூன்று மணி நேரம் பயணிகளை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் அந்த மூன்று மணி நேரம் எதிலும் சேராது. 2022-ல் அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் தரத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் 10,000-க்கும் மேற்பட்ட பணியாளர்கள் இதையும் முன்வைத்துத்தான் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களால் முடிந்தது சங்கம் இருந்ததால்.

இங்கே என்ன நிலை? 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் குழுவினர் பெருமளவில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். சுமார் 25 பேர் உடனே வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். தொழிலாளர் ஆணையர் முன் பேச்சுவார்த்தை நடந்த பிறகு அந்த நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. அவர்களுக்காகப் பேச ஒரு சங்கம் இருந்தது. என் நிறுவனத்தில் அந்தச் சொல்லையே ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் பேசுகிறோம், அதிலும் யார் படம் எடுத்து மேலே அனுப்புவார்களோ என்ற பயம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை.

நான் கேட்பது இவை.

எல்லாவற்றுக்கும் முதலாக, கதிர்வீச்சுக் கணக்கு. விமானிகள், கேபின் குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டு அளவைக் கணக்கிட்டு அவரவர் கையில் கொடுக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு ஆணையிடுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி எதுவும் வாங்க வேண்டாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தயாரித்த காரி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கே எவ்வளவு உயரத்தில் பறந்தோம் என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியிலும் இருக்கிறது. நிறுவனம் மாறினால் அந்த அளவும் எங்களோடு வர வேண்டும்.

கருவுற்றதைச் சொல்லும் பெண்ணுக்கு அதற்கு முந்தைய ஆறு மாதச் சராசரி வருமானம், பறக்கும் படியையும் சேர்த்து, விடுப்பு முடியும் வரை குறையக் கூடாது. குழந்தைக்கு முயன்றுகொண்டிருப்பதாக முன்கூட்டியே சொல்பவர்களுக்கு இரவுப் பணியைக் குறைத்துக் கொடுக்க வழி வேண்டும், அதை ரகசியமாக வைத்திருக்கவும் வேண்டும். அந்த 15 மணி நேரக் கணக்கும் கருச்சிதைவு விடுப்பும் முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லப்பட வேண்டும். இந்தப் பத்தியில் உள்ளதை மட்டுமாவது தள்ளிப்போடாதீர்கள் ஐயா. நான் இதை எழுதும் இந்த நாளிலும் எங்கோ ஒரு பெண் மாதக் கடைசி வரை பல்லைக் கடித்துக்கொண்டு பறந்துகொண்டிருப்பாள்.

கேபின் குழுவின் பணி நேர விதிகளைத் திருத்தும்போது விமானிகளுக்குக் கொடுத்த அதே 48 மணி நேர வார ஓய்வும் அதே இரவு வரம்பும் எங்களுக்கும் வேண்டும். நிறுவனம் ஆள் எடுக்கவில்லை என்பதற்காக அதற்கு விலக்குத் தரக் கூடாது. சோர்வு அறிக்கைகள் நிறுவனத்தின் வழியாகப் போகாமல் நேராக உங்களிடம் வரட்டும்.

கேபினில் புகையோ நாற்றமோ வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை, அறிக்கையின் நகல் பணியாளர் கையில். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை உண்டு என்று அரசு அறிவித்திருக்கிறது. எனக்கு 41. எங்களுக்கான பரிசோதனையில் மார்பகத்தையும் தோலையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். 2018-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 5,000-க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்களைப் பார்த்தபோது மார்பகப் புற்றும் தோல் புற்றும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன.

இந்த விதிகளை எழுதும் மேசையில் கேபின் குழுவினருக்கும் நாற்காலி போடுங்கள். நிறுவனம் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஆளாக இல்லாமல், நாங்களே தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும். அவருக்கு அடுத்த மாத ரோஸ்டரில் பழி தீர்க்கப்படாது என்று எழுத்தில் உறுதி வேண்டும்.

குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அதற்கு முன் கதிர்வீச்சுக் கணக்குக்கான வரைவையாவது வெளியிடுங்கள். என்னுடைய 17 ஆண்டு ரோஸ்டர்களும் டைரிகளும் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன: தேதி, விமான எண், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் எல்லாம். முதல் கணக்கை அவற்றிலிருந்து தொடங்க விரும்பினால், நீங்கள் சொல்லும் முகவரிக்கு மறுநாளே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைத் தளத்தில் பணிபுரியும் ஒரு மூத்த கேபின் குழு உறுப்பினர்